ரெண்டு கார்புரேட்டர், ஒரே மிதி

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. இதயத்தில் ஆரம்பிச்சு ஒரு பழைய ஜெர்மன் காரின் இன்ஜினுக்குப் போய், திரும்ப இதயத்துக்கு வரும். இன்ஜின் பத்தி ஒண்ணும் தெரியாதேன்னு தள்ளிப் போயிடாதீங்க. ஆறு மாசம் முன்னாடி எனக்கும் தெரியாது.

எங்க ஓபி-க்கு ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்க மெக்கானிக். அவர் சம்மதத்தோடுதான் எழுதறேன், அடையாளம் தெரியுற விவரங்களை மாத்தியிருக்கேன். நாலு அடி நடந்தா மூச்சு வாங்குது, மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது, சாயங்காலம் ஆனா கால் வீங்குது. எக்கோ எடுத்தோம். இதயத்தின் பம்பிங் 28 சதவீதம். ஈசிஜி-யில் எல்பிபிபி.

அது என்னன்னா, இதயத்தின் இடது பக்கத்துக்கு மின்சாரம் கொண்டுபோற பாதையில் அடைப்பு. வலது கீழறைக்கு சிக்னல் நேரத்துக்குப் போயிடும். இடது கீழறையின் வெளிச்சுவருக்கு மட்டும் தாமதமா, சுத்திச் சுத்திப் போய்ச் சேரும். ஒரு சுவர் சுருங்கும்போது இன்னொரு சுவர் சும்மா இருக்கும். அது சுருங்க ஆரம்பிக்கும்போது இது ஓய்வுக்குப் போயிடும். ரெண்டு சுவருக்கும் தெம்பு இருந்தும் ரத்தம் முழுசா வெளியே போகாது.

மருந்துகளை முழு அளவுக்குக் கொடுத்தும் பெருசா முன்னேற்றம் இல்லை. அடுத்தது சிஆர்டி. இது ஒரு வகை பேஸ்மேக்கர். 1990-களில் உருவான சிகிச்சை. சாதாரண பேஸ்மேக்கரில் இல்லாத ஒரு வயர் இதில் கூடுதலா உண்டு. அது இதயத்தின் மேற்பரப்பில் இருக்கிற ஒரு சிரை வழியா போய் இடது பக்கச் சுவரைத் தூண்டும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்கும்.

வழக்கம்போல பேப்பரில் படம் வரைஞ்சு விளக்கினேன். பெரியவர் படத்தையே பார்த்துட்டிருந்தார்.

"ரெண்டு கார்புரேட்டர் சிங்க் ஆகல. அவ்வளவுதானே டாக்டர்?"

எனக்குப் புரியலை. "என்ன ஐயா?"

"ராஜ்தூத் 350 பார்த்திருக்கீங்களா? ரெண்டு சிலிண்டர், ஆளுக்கொரு கார்புரேட்டர். ஒண்ணு முந்தித் தொறந்து இன்னொண்ணு பிந்தித் தொறந்தா வண்டி உதறும், இழுக்காது, பெட்ரோலை மட்டும் நல்லா குடிக்கும். கார்புரேட்டர் ரெண்டும் புதுசாத்தான் இருக்கும். கேபிள்ல இருக்கும் சமாச்சாரம். ஒரு வெளிநாட்டுக்காரரோட பீட்டில் கார்ல இந்த வேலை பார்த்திருக்கேன். அதுதான் எல்லாத்துக்கும் பாட்டன். பைக்குல கேபிளை முறுக்கினா முடிஞ்சது. அதுல சூடானா அளவே மாறிடும்."

'சூடானா அளவு மாறிடும்' என்ற அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்க விடலை. அன்னிக்கு ராத்திரி படிக்க உட்கார்ந்தேன்.

முதல்ல கார்புரேட்டர் என்ன செய்யுதுன்னு பார்த்துடலாம். இன்ஜின் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியா வேகமா போகும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவு பெட்ரோலை ஒரு சின்னத் துளை வழியா இழுத்து, தூவானமா காற்றில் கலந்துவிடும். அதுக்குக் கீழே ஒரு தட்டு, அதுதான் த்ராட்டில். ஆக்சிலேட்டரை மிதிச்சா தட்டு திறக்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கடம் இருக்கு. ஊசி போடும் முன்னாடி ஸ்பிரிட் பஞ்சு தடவுவோமே, சில்லுனு இருக்கும்ல? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துட்டுப் போகுது. பெட்ரோலும் அப்படித்தான். கார்புரேட்டருக்குள் ஆவியாகும்போது சுற்றியுள்ள உலோகத்தைக் குளிரவைக்கும். குளிர்நாட்டில், ஈரக்காற்று நாளில், உள்ளே பனிக்கட்டியே உறையும். அதோட, குளிர்ந்த குழாயில் பெட்ரோல் தூவானம் மறுபடி சொட்டாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பீட்டிலுக்கு இது தலையாய பிரச்சினை. ஏன்னா அதன் இன்ஜின் அமைப்பு அப்படி. பின்பக்கம் தட்டையா படுத்திருக்கும் நாலு சிலிண்டர். இடப்பக்கம் ரெண்டு, வலப்பக்கம் ரெண்டு. தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, ஒரு ஃபேன் காற்றை ஊதியே எல்லாத்தையும் குளிர்விக்கும். நட்டநடுவில் ஒரே ஒரு கார்புரேட்டர். அங்கிருந்து ரெண்டு பக்கமும் கை விரிச்ச மாதிரி நீளமான மெல்லிய குழாய். குழாய் குளிராம இருக்க, எரிந்த புகையில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாய் வழியா கார்புரேட்டருக்கு அடியில் கொண்டுவந்து சூடு காட்டுவாங்க. வருஷக்கணக்கில் அந்தச் சின்னக் குழாயில் கரி படிஞ்சு அடைச்சுக்கும். வண்டி திணறும். ரத்தக்குழாய் அடைப்பு பார்க்கிற எங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான கதை.

சரி, நடுவில் ஒண்ணு வைக்கிறதுக்குப் பதிலா இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ஹெட்டுக்கு மேலேயே வச்சா? நீளக் குழாயே வேண்டாம். கலவை குளிர்வதற்குள் சிலிண்டருக்குள் போயிடும். இன்ஜின் தாராளமா மூச்சு விடும்.

இவ்வளவு எளிமையான யோசனை ஃபெர்டினாண்ட் போர்ஷேக்குத் தோணாமலா இருந்திருக்கும்? நல்லாவே தோணியிருக்கு. வேணும்னுதான் செய்யாம விட்டிருக்கார். 1930-களில் ஹிட்லரின் அரசு கேட்டது விலை மலிந்த மக்கள் கார்: பெரியவங்க ரெண்டு பேர், குழந்தைங்க மூணு பேர், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஆட்டோபானில் ஓடணும், விலை ஆயிரம் மார்க்குக்குள் இருக்கணும். மலிவான இன்ஜினை நாள் முழுக்க விரட்டினால் செத்துவிடும். அதனால் அது மூச்சு விடுற அளவையே குறைச்சு வச்சாங்க. சின்ன கார்புரேட்டர், ரெண்டு சிலிண்டருக்குச் சேர்த்து ஒரே நுழைவாயில். போருக்குப் பிறகு வந்த 25 குதிரைத்திறன் பீட்டில் இன்ஜின் நிமிடத்துக்கு 3300 சுற்றிலேயே தன் உச்ச சக்தியைத் தொட்டுவிடும். அதுக்கு மேல் மிதிச்சாலும் மூச்சு போதாது. தன்னைத்தானே கெடுத்துக்க முடியாத இன்ஜின். பின்னாடி வந்த எல்லா ரெண்டு கார்புரேட்டர் ஆட்களும் கழற்றி எறிஞ்சது இந்தப் பூட்டைத்தான். இதை மனசில் வச்சுக்கோங்க.

பூட்டை முதலில் கழற்றினது போர்ஷேயின் ஆட்களேதான். 1939 செப்டம்பரில் பெர்லினிலிருந்து ரோமுக்கு ஒரு நெடுந்தூரக் கார்ப் பந்தயம் நடத்தத் திட்டம். மக்கள் காருக்கு விளம்பரமா அதில் ஓட்ட, அலுமினிய உடம்போட, நீர்த்துளி மாதிரி வழவழன்னு மூணு கார் செய்தாங்க. டைப் 64 னு பேர். உள்ளே அதே 985 சிசி பீட்டில் இன்ஜின், ஆனா ரெண்டு சோலெக்ஸ் கார்புரேட்டர். 140 கி.மீ. வேகத்தைத் தொடும்னு சொல்வாங்க. பந்தயம் நடக்கவே இல்லை, செப்டம்பரில் போர் வந்துடுச்சு. மக்கள் காருக்காக வாராவாரம் முத்திரை வாங்கி ஒட்டிப் பணம் சேர்த்த 3 லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மானியக் குடும்பங்களில் ஒருத்தருக்குக்கூட அந்தத் திட்டத்தில் கார் கிடைக்கலை. தொழிற்சாலையில் போர்க்கால வாகனங்கள்தான் உருவாச்சு, அதுவும் பிடித்து வந்த கட்டாயத் தொழிலாளிகளை வச்சு. இந்தக் காரின் வரலாற்றை எழுதும்போது இதைத் தாண்டிப் போகக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

அந்த மூணில் ஒரு கார் தப்பிப் பிழைச்சு, 1949-ல் ஓட்டோ மாத்தே என்ற ஆஸ்திரிய ஓட்டுநர் கைக்கு வந்தது. மாத்தேக்கு 1934-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது கை செயலிழந்துவிட்டது. மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? ஸ்டியரிங்கை வலப்பக்கத்துக்கு மாத்திக்கிட்டார், இடது கையால் கியர் போடணுமே! ஒற்றைக் கையோடு அதை ஓட்டி 1950-ல் ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்தில் ஜெயிச்சார். 1995-ல் சாகும்வரை காரை விற்கலை. 2019-ல் அமெரிக்காவில் அதை ஏலம் விட்டப்போ, ஏலம் போட்டவர் 13 மில்லியன்னு சொன்னது ஆங்கிலத்தில் 30 மில்லியன்னு காதில் விழுந்து, திரையில் 70 மில்லியன் டாலர் வரைக்கும் ஏறிடுச்சு. அப்புறம் "மன்னிக்கணும், 17 தான்" னு திருத்தினாங்க. கூட்டம் கூச்சல் போட்டது. கார் விலைபோகலை.

போருக்குப் பின் போர்ஷேயின் மகன் ஃபெரி, ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற ஊரில், பழைய மர அறுவை ஆலை ஒன்றில் இருந்துகொண்டு பீட்டில் உதிரிபாகங்களை வச்சே ஒரு பந்தயக் கார் கட்டினார். 1948 ஜூன் 8-ல் சாலையில் ஓட்ட அனுமதி கிடைச்ச அந்த வண்டிதான் முதல் 356. 1950-ல் ஸ்டுட்கார்ட்டில் உற்பத்தி தொடங்கியபோது அதன் இன்ஜின் 1086 சிசி, ரெண்டு சோலெக்ஸ், 40 குதிரைத்திறன். அதே காலத்துப் பீட்டிலுக்கு 25 தான். 1965 வரைக்கும் 356 வரிசை ரெண்டு கார்புரேட்டரை விடவே இல்லை. இன்னிக்குக் கோடிக்கணக்கில் விலை சொல்ற அந்தக் கம்பெனியின் ஆரம்பம், சுருக்கமா சொன்னா, நல்லா மூச்சு விட வச்ச பீட்டில்.

போர்ஷே வாங்க வசதியில்லாதவன்? அவனுக்காக ஜெர்மனியிலேயே ஒருத்தர் வந்தார், கெர்ஹார்ட் ஓட்டிங்கர். அவர் கம்பெனி பேர் ஒக்ராசா. 1950-களில் அவர் விற்ற பெட்டியில் ரெண்டு சோலெக்ஸ் 32 கார்புரேட்டரோட புது சிலிண்டர் ஹெட்டும் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நுழைவாயில் வச்ச ஹெட். எதிரே வர்ற குழாயை மட்டும் பெருசாக்கிப் பயனில்லை, வாசலையும் அகலப்படுத்தணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. வோக்ஸ்வாகன் கம்பெனியே இந்தத் தனி வாசலைப் பீட்டிலுக்குக் கொடுக்க 1970 ஆச்சு.

கம்பெனியும் சும்மா இருக்கலை. டைப் 3 என்ற பெரிய காரில் 1963-ல் ரெண்டு கார்புரேட்டர் வச்ச 1500 எஸ் வந்தது. ஒற்றைக் கார்புரேட்டரில் 45 குதிரைத்திறன், இதில் 54. இங்கேதான் கதையின் உண்மையான நாயகன் வர்றான். கார்புரேட்டர் இல்லைங்க, லிங்கேஜ்.

கொஞ்சம் யோசிங்க. கால் ஒண்ணு, மிதி ஒண்ணு, பின்னாடி வரைக்கும் போற கேபிள் ஒண்ணு. ஆனா திறக்கவேண்டிய தட்டு ரெண்டு, அதுவும் இன்ஜினின் ரெண்டு ஓரத்தில். நடுவில் வந்து நிற்கிற கேபிளின் இழுப்பை ரெண்டா பிரிச்சு, ஒரே நொடியில், ஒரே அளவு கொண்டுபோகணும். கம்பெனிக்காரங்க நடுவில் மூணு கை உள்ள ஒரு நெம்புகோல் வச்சாங்க. ஒரு கையைக் கேபிள் இழுக்கும், மத்த ரெண்டு கையிலிருந்து இடமும் வலமும் ஒவ்வொரு கம்பி போகும். ரெண்டு பக்கக் குழாயையும் இணைச்சு ஒரு சமன் குழாயும் போட்டாங்க, சின்னச் சின்ன வித்தியாசத்தை அது சரிக்கட்டிக்கும். நல்லா வேலை செஞ்சது. ஆனா அடிக்கடி பார்த்து டியூன் பண்ணத் தெரிஞ்ச கை வேணும். 1968 மாடலில் அமெரிக்காவுக்குப் போன டைப் 3-இல் கார்புரேட்டரையே தூக்கிட்டு, போஷ் கம்பெனியின் மின்னணு எரிபொருள் ஊசியை வச்சுட்டாங்க. பெருமளவில் உற்பத்தியான கார்களில் அதுதான் முதல்.

இதே நேரம் கலிபோர்னியாவில் இளவட்டங்களுக்குப் பீட்டில் பைத்தியம் பிடிச்சிருந்தது. ரிவர்சைடு ஊரில் கார் விற்பனைக்கடை வச்சிருந்த ஜோ விட்டோன் தொடங்கிய எம்பி என்ற கம்பெனி, பீட்டிலுக்கு வேகம் கூட்டும் சாமான்களை விற்றது. கடைசியில் எல்லார் கண்ணும் போய் நின்னது ஒரு இத்தாலியக் கார்புரேட்டரில். வெபர் 48 ஐடிஏ. ஃபோர்டு ஜிடி40 போன்ற பந்தயக் கார்களின் எட்டு சிலிண்டர் இன்ஜினில் நாலு வைப்பாங்க. அதில் ரெண்டை எடுத்துப் பீட்டிலில் வச்சாங்க. ஒண்ணுக்கு ரெண்டு தொண்டை, ஆக சிலிண்டருக்கு ஒரு தொண்டை. பாட்டி வண்டின்னு கேலி பண்ணினவங்களின் பெரிய பெரிய அமெரிக்கக் கார்களை, கால் மைல் ஓட்டப் பந்தயத்தில் இந்த வண்டுகள் முந்தின.

அந்தக் கார்புரேட்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு மனுஷர் இருக்கார். எடோர்டோ வெபர், 1923-ல் போலோன்யா நகரத்தில் கம்பெனி தொடங்கியவர். 1945 மே மாதம், இத்தாலியில் போர் ஓய்ந்த கையோடு, பழிதீர்ப்புகள் நடந்துகொண்டிருந்த நாட்களில் காணாமல் போனார். உடல்கூடக் கிடைக்கலை. அவர் பேர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் உலகம் முழுக்கப் பந்தயம் ஜெயிச்சதை அவர் பார்க்கலை.

கலிபோர்னியாக்காரங்க லிங்கேஜை எளிமையாக்கினாங்க. இந்த கார்புரேட்டரிலிருந்து அந்த கார்புரேட்டர் வரைக்கும் குறுக்கே ஒரு அறுகோணத் தண்டு. நடுவில் ஒரு கை, அதைக் கேபிள் இழுத்தா தண்டு உருளும். ரெண்டு முனையிலும் ஒவ்வொரு கை, அதிலிருந்து கீழே தொங்கும் கம்பி த்ராட்டிலைத் திருப்பும். பார்க்க அழகு, விலை குறைவு, ஒரு மணிநேரத்தில் மாட்டிடலாம்.

மாட்டினாங்க. காலையில் குளிர்ந்த இன்ஜினில் அருமையா சிங்க் பண்ணினாங்க. ஒரு அரை மணிநேரம் ஓட்டிட்டு வந்து நிறுத்தினா ஐடில் கண்டபடி ஏறி நிற்கும், இல்ல ஒரு பக்கம் மட்டும் பட் பட்னு வெடிக்கும். திரும்ப சரி பண்ணுவாங்க. மறுநாள் காலையில் குளிரில் ஸ்டார்ட் பண்ணினா மறுபடி தப்பா இருக்கும்.

பெரியவர் சொன்னது இதைத்தான். இன்ஜின் சூடானா விரியும். நடுப்பெட்டி மெக்னீசியம், சிலிண்டர் இரும்பு, ஹெட் அலுமினியம்; மூணும் வெவ்வேறு அளவில் விரியும். அதுவும் இது படுத்திருக்கிற இன்ஜின், அதனால் இடமும் வலமுமா அகலும். ரெண்டு கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள தூரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிடும். குறுக்குத் தண்டோ காற்றில் தொங்குது, அது அந்த அளவுக்குச் சூடாகாது, விரியாது. நேரா தொங்கிக்கிட்டிருந்த கம்பி சாயும். சாய்ஞ்ச கம்பி உயரத்தில் குறையும், த்ராட்டிலை ஒரு மயிரிழை தூக்கிவிடும். ஐடிலில் அந்தத் தட்டு திறந்திருக்கிறதே ஒரு மயிரிழைதான்! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சாயாட்டி சிங்க் போச்சு.

தீர்வு ரெண்டு. ஒண்ணு, கம்பிகளை இன்ஜின் நல்லா சூடான நிலையில் நேரா தொங்குற மாதிரி அமைக்கிறது; குளிரில் கொஞ்சம் கோணலா இருந்துட்டுப் போகட்டும். இன்னொண்ணு, பழைய கம்பெனி வழிக்கே திரும்புறது. நடுவில் நெம்புகோல், ரெண்டு பக்கமும் சம நீளக் கம்பி. இன்ஜின் விரிஞ்சாலும் ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் மாறும். ஒன்றுக்கொன்று உள்ள பொருத்தம் குலையாது. இன்னிக்கு நல்ல கிட்டுகளில் வர்றது இந்த ரெண்டாவது வகை. 1963-ல் அந்த மூணு கை நெம்புகோலை வரைஞ்ச யாரோ ஒரு இன்ஜினியருக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

பிரேசிலில் இந்தக் கதை ரொம்ப நாள் ஓடிச்சு. அதிபர் இத்தாமார் ஃப்ராங்கோ கேட்டுக்கொண்டதால் 1993-ல் அங்கே பீட்டிலை மறுபடி தயாரிக்க ஆரம்பிச்சு 1996 வரைக்கும் செய்தாங்க. அதில் கம்பெனியே மாட்டிக் கொடுத்தது 1600 சிசி, ரெண்டு கார்புரேட்டர்.

இப்ப, வீட்டில் பழைய ஏர்கூல்டு வண்டி வச்சிருக்கிற, இதைச் செய்ய ஆசைப்படுற ரொம்பக் கொஞ்சம் பேருக்காக. பெரியவர் சொன்னதையும் நான் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், கம்ப்ரஷன் மூணும் சரியா இல்லாம கார்புரேட்டரைத் தொடாதீங்க. இல்லாத நோய்க்கு வைத்தியம் பண்ற மாதிரி ஆயிடும். இன்ஜினை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்குங்க. லிங்கேஜ் கம்பியை ரெண்டு பக்கமும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கார்புரேட்டரையும் தனித்தனியா அதனதன் ஸ்லோ ஸ்க்ரூவில் நிறுத்துங்க. ரெண்டும் ஒரே அளவு காற்று இழுக்குதான்னு பார்க்க வாய்மேல் வச்சுப் பார்க்கிற மீட்டர் கிடைக்குது. ஆஸ்துமாக்காரங்களை ஊதச் சொல்லி அளக்கிறோமே, அதன் தலைகீழ். மீட்டர் இல்லாத காலத்தில் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயருகேயும் மறுமுனையைக் காதிலும் வச்சு, 'ஸ்ஸ்' சத்தத்தை ரெண்டு பக்கமும் ஒப்பிடுவாங்களாம். 1816-ல் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வச்சுக் கேட்டதும் இதேதான்.

ஐடில் சமமானதும் கம்பியை மாட்டுங்க. த்ராட்டிலைத் துளிகூட அசைக்காம கம்பி தானா போய் உட்காரணும். இழுத்துப் பிடிச்சு மாட்டினா நீளம் தப்பு. அப்புறம் 3000 சுற்றில் நிறுத்தி மறுபடி அளங்க. ஐடிலில் சமமா இருந்து இங்கே மாறினா கோளாறு லிங்கேஜில். நிறையப் பேர் இதைப் பார்க்கிறதே இல்லை. ஐடில் அழகா இருக்குன்னு மூடியைச் சாத்திடறாங்க.

ஒரு டாக்டரா மூணு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்லணும்.

மிதியை விட்டதும் ரெண்டு தட்டும் தானா மூடணும். ரெண்டு கார்புரேட்டருக்கும் தனித்தனி ஸ்பிரிங் போடுங்க. இன்ஜினை அணைச்சுட்டு ஒருத்தரை முழுசா மிதிக்கச் சொல்லி, நெம்புகோல் எங்கேயாவது எல்லை தாண்டி மடங்கிச் சிக்குதான்னு பாருங்க. முழுத் த்ராட்டிலில் சிக்கின கார் என்ன பண்ணும்னு எங்க அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தெரியும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் பல மாடல்களில் வெறும் அழுத்தத்தில் நிற்கிறது. நாள்பட்டு அது கழன்று சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் கொட்டி எரிஞ்சுபோன பீட்டில்கள் ஏராளம். மெக்னீசியப் பெட்டி தீப்பிடிச்சா தண்ணீர் ஊற்றினா இன்னும் மோசமாகும். ரப்பர் ஹோஸை வயசாக விடாதீங்க, கிளிப் போடுங்க. டியூனிங் எப்பவும் திறந்த வெளியில். மூடின ஷெட்டில் இன்ஜின் ஓடினா கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாம ஆளைச் சாய்ச்சிடும்.

மூணாவது, பெட்ரோலை வாயால் உறிஞ்சாதீங்க. எங்க ஊர் ஒர்க்‌ஷாப் பசங்க இன்னமும் செய்றாங்க. ஒரு வாய் நுரையீரலுக்குள் போனா போதும், கடுமையான நிமோனியா மாதிரி ஆகி ஐசியு வரைக்கும் போகும். அப்படி ஆயிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாந்தியில் மறுபடி நுரையீரலுக்குள்தான் போகும். நேரா ஆஸ்பத்திரி.

பெரியவர் விஷயத்துக்கு வரேன். சிஆர்டி வேண்டாம்னுதான் முதலில் சொன்னார். பயம் இல்லை, செலவு. காப்பீட்டில் கொஞ்சம், மகன் கொஞ்சம்னு எப்படியோ கூடி வந்தது. வச்சோம். ஈசிஜி-யில் 164 மில்லிசெகண்ட் அகலமா இருந்த அலை 130-க்குச் சுருங்கிச்சு. மூணாவது மாசம் எக்கோவில் பம்பிங் 28-லிருந்து 39. எனக்கு ஏக சந்தோஷம். ரிப்போர்ட்டைக் காட்டி, "ரெண்டு பக்கமும் சேர்ந்து இழுக்குது ஐயா" ன்னேன்.

அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கலை. "இதைப் படுக்க வச்சுத்தானே எடுத்தீங்க?"

"ஆமாங்க."

"அது ஐடில் டாக்டர். ஓடவிட்டுப் பார்த்தீங்களா?"

நான் பார்க்கலை. ஆறு நிமிஷ நடைப் பரிசோதனைன்னு ஒண்ணு இருக்கு. அன்னிக்கு ஓபி-யில் கூட்டம்னு அடுத்த விசிட்டுக்குத் தள்ளி வச்சிருந்தேன். நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, காரிடாரில் கோடு போட்ட இடத்தில் அவரை நிறுத்தினேன். போன தடவை 190 மீட்டரில் சுவரைப் பிடிச்சு நின்னவர், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சார். நான் ஸ்டாப்வாட்ச்சோட பக்கத்தில். நாலாவது நிமிஷம் கொஞ்சம் வேகம் குறைஞ்சது, ஆனா நிற்கலை. 340 மீட்டர்.

பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கிட்டே கையை நீட்டினார். "இப்ப சூடா இருக்கேன். இப்ப எடுங்க ஈசிஜி."

எடுத்தோம்.